திரையிலா, திடலிலா? சிறிய காற்பந்துக் குழுக்களும் நேரலையும்

காற்பந்து ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதால் கீழ்நிலை லீக்குகளில் ஆடும் சிறிய குழுக்கள் பிழைக்குமா, நலியுமா? சொற்போர் மேடையில் இத்தலைப்பைக் கொடுத்தால் இரு தரப்புக்கும் பேச நிறைய இருக்கும். "வீட்டிலேயே படம் தெரிந்தால் எவன் திடலுக்கு வருவான்?" என்பார் ஒருவர். "படமே இல்லையென்றால் அப்படி ஒரு குழு இருப்பதே யாருக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார் மற்றவர். ஆயர் ஈத்தாமில் வளர்ந்த நான் பினாங்குக் குழுவின் ஆட்டங்களை நகர அரங்கத்தின் படிக்கட்டில் அமர்ந்தும் பார்த்திருக்கிறேன், கைப்பேசித் திரையிலும் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. திடலைக் காலியாக்கியது நேரலை என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. ஆனால், இன்று சிறிய குழுக்களின் ஆட்டங்களை நாம் காட்டும் முறையினால் அக்குழுக்களின் கல்லாவில் ஒரு காசும் விழுவதில்லை என்பதும் உண்மை.

முதலில் திடல் எப்போது காலியானது என்று பார்ப்போம். பினாங்கு ஒரு காலத்தில் சாதாரணக் குழுவாக இருந்ததில்லை. 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் மலாயாக் கிண்ணத்தையும், பெயர் மாறிய பின் 1974இல் மலேசியக் கிண்ணத்தையும் வென்ற குழு அது. 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியாளர், 2002இல் எஃப்.ஏ. கிண்ணம். டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஆட்டம் நடக்கும் இரவுகளில் வாகனம் நகராது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டம் கரைந்ததற்குப் பல காரணங்கள். 1994இல் வெடித்த ஆட்ட நிர்ணய ஊழலில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். காசு கொடுத்துப் பார்த்த ஆட்டம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகு எந்த மனிதன் மறுபடி வரிசையில் நிற்பான்? அந்தப் புண் ஆறுமுன்பே 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் நம் வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்தது.

நேரத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7.30 அல்லது 8.30. அங்கே பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 10 அல்லது 11. அதாவது, உள்ளூர்க் குழு விளக்குப் போட்டு ஆடும் அதே வேளையில்தான் மென்செஸ்டரும் லிவர்பூலும் மாமாக் கடையின் பெரிய திரையில் ஆடுகின்றன. தே தாரிக் ஒன்றுக்குக் காசு கொடுத்தால் போதும், ஆட்டம் இலவசம். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கமும் ஃபார்லிம் பக்கமும் சனிக்கிழமை இரவு எந்தக் கடையில் எந்த நாட்டு ஆட்டம் ஓடுகிறது என்று ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், விவாதம் பாதி முடிந்துவிடும். பேஸ்புக்கும் யூடியூபும் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே நம் திடல்களின் படிக்கட்டுகள் காலியாகத் தொடங்கிவிட்டன.

இதே அச்சம் இங்கிலாந்துக்கும் இருந்தது. 1960களில் பர்ன்லி குழுவின் தலைவராக இருந்த பாப் லார்ட், தொலைக்காட்சியில் பெரிய ஆட்டங்களைக் காட்டினால் கீழ்நிலைக் குழுக்களின் ஆட்டங்களுக்கு ஆள் வராது என்று வாதாடி மற்ற குழுக்களை இணங்க வைத்தார். அதன் விளைவாகச் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்நாட்டில் எந்தக் காற்பந்து ஆட்டத்தையும் நேரடியாகக் காட்டக்கூடாது எனும் ஏற்பாடு பிறந்தது. இன்றும் அது நடப்பில் உள்ளது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் இருப்பவன் பார்க்க முடியாத அந்த 3 மணி ஆட்டத்தைப் பினாங்கில் இருப்பவன் சுகமாகப் பார்க்கிறான். அவர்கள் தங்கள் சிறிய குழுக்களுக்குக் குடை பிடித்தார்கள். அந்தக் குடையிலிருந்து வழிந்த மழையில் நனைந்தவை நம் குழுக்கள். இதை நம் நாட்டில் யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை.

இனி நேரலையின் நன்மைக்கு வருவோம். பினாங்குக்காரனிடம் இதைப் பற்றிப் பேசினால் அவன் முதலில் சொல்லும் பெயர் முகமது ஃபாயிஸ் சுப்ரி. 2016 பிப்ரவரி 16ஆம் நாள் நகர அரங்கத்தில் பகாங்கை எதிர்த்து அவர் அடித்த அந்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவது போல் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் புகுந்தது. அது இணையத்தில் உலகைச் சுற்றியது. 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அவருக்குக் கிடைத்தது. பொதுமக்கள் வாக்கில் ஏறத்தாழ 60 விழுக்காடு அவருக்கு. அதே கோலை ஒளிப்படக் கருவி இல்லாத ஒரு திடலில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று படிக்கட்டில் இருந்தவர்கள் பத்து ஆண்டு கழித்தும் கோப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கேட்பவர்கள் பாதி நம்பியிருப்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விருது கிடைத்த அதே 2017ஆம் ஆண்டின் முடிவில் பினாங்கு சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழ்நிலைக்கு இறங்கியது. உலகமே பார்த்த கோல், குழுவைக் காப்பாற்றவில்லை. புகழ் ஓர் ஆட்டக்காரருக்குப் போகலாம், படத்தின் உரிமை ஒளிபரப்பாளருக்குப் போகலாம், சொடுக்குகளின் காசு யூடியூபுக்குப் போகலாம். ஆட்டத்தை நடத்திய குழுவுக்கு என்ன வந்தது என்பதே என் கேள்வி.

கோவிட் காலம் இதற்கு இன்னொரு சான்று. 2020 மார்ச்சில் நின்ற லீக், ஆகஸ்டில் பார்வையாளர் இல்லாமல் மீண்டும் தொடங்கியது. ஆட்டங்களைப் பாதியாகக் குறைத்து நடத்திய அந்தப் பருவத்தில்தான் பினாங்கு இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கை வென்று மேலே ஏறியது. அடுத்த ஆண்டு செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் துருஹாவின் கீழ் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். இருபது ஆண்டுகளில் பினாங்கு அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியை ரசிகர்கள் திரையில் மட்டுமே பார்த்தோம். அப்போது படமும் இல்லாதிருந்தால் குழுவையே மறந்திருப்போம். அந்த வகையில் நேரலைக்கு நான் கடன்பட்டவன். 2022இல் கதவு முழுதாகத் திறந்திருந்தபோது குழு கடைசி இடத்தில் கிடந்தது. வெற்றியைத் திரையில் பார்த்துவிட்டுத் தோல்வியைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய நிலை! இதில் யாரைக் குறை சொல்வது?

நம் சமுதாயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின், அதாவது மீஃபாவின், பெயர் தாங்கிய குழு 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கை வென்று 2017இல் பிரீமியர் லீக்குக்கு வந்தது. பிறகு பெட்டாலிங் ஜெயா ரேஞ்சர்ஸ் என்றும், 2019இல் சூப்பர் லீக்கில் நுழைந்தபோது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்றும் பெயர் மாறியது. 2021இல் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல், முழுக்க முழுக்க உள்ளூர் இளைஞர்களை வைத்துப் பயிற்றுநர் பி.மணியம் சூப்பர் லீக்கில் ஆடவிட்டார். மற்ற குழுக்கள் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தாக்குதல் ஆட்டக்காரர்களை இறக்கிய லீக்கில் அது சின்ன விஷயமா? 2022ஆம் பருவத்தோடு அக்குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தோட்டத்துத் திடலில் பந்தை உதைக்கும் ஒரு பையன் "நானும் ஒருநாள் அங்கே ஆடுவேன்" என்று கைநீட்டிக் காட்ட இருந்த கதவு மூடப்பட்டது.

அந்தக் குழுவுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்ததா? கெடா ஆடினால் அலோர் ஸ்டார் வரும். கிளந்தான் ஆடினால் கோத்தா பாரு வரும். இந்தியர்களின் குழு என்றால் அதன் ரசிகர்கள் எங்கே இருக்கிறார்கள்? சுங்கை சிப்புட்டில் கொஞ்சம், கிள்ளானில் கொஞ்சம், சிரம்பானில் கொஞ்சம், பட்டர்வொர்த்தில் கொஞ்சம், ஆயர் ஈத்தாமில் கொஞ்சம். ஒரு திடலில் கூட முடியாதவர்கள். இப்படிச் சிதறிய ரசிகர்களைக் கொண்ட குழுவுக்கு நேரலைதான் உண்மையான அரங்கம். நாடு முழுவதும் சில ஆயிரம் பேர் மாதம் பத்து வெள்ளி கொடுத்துத் தமிழ் வர்ணனையோடு அந்த ஆட்டங்களைப் பார்க்க வழி இருந்திருந்தால் என்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. தமிழில் விளையாட்டு வர்ணனைக்கு ஆள் இருக்கமாட்டார்கள் என்று சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 2017 முதல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென்றே ஓர் அலைவரிசை நடத்துகிறது. ஆனால் லீக் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை மொத்தமாகக் கைமாறும் பண்டம். தனிக் குழு தன் ரசிகனுக்குத் தன் ஆட்டத்தைத் தன் மொழியில் விற்க அதில் வழியில்லை. ஒரே பணப்பையை நம்பிய குழு, அந்தப் பை மூடியதும் கடையை மூடியது.

இது அந்தக் குழுவின் விதி மட்டுமன்று. 2023க்கு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 பருவத்தில் பேராக்கும் கெடாவும் சூப்பர் லீக்கில் இல்லை. பிரீமியர் லீக் 2022க்குப் பின் கலைக்கப்பட்டது. ஏ1 செமி-புரோ லீக் 2024-25இல் தொடங்கும்வரை மேலுக்கும் கீழுக்கும் இடையே பெரிய பள்ளம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், 2011இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு குழு பிரீமியர் லீக்கில் ஆடியது என்று? கடல் தாண்டினாலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் மினர்வாவை வீழ்த்தி ஐ-லீக் வாகை சூடிய சென்னை சிட்டி குழு இன்று அந்த லீக்கில் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கீழ்நிலைக் குழுவின் வருமானத்தில் நுழைவுச்சீட்டு சிறு தொகைதான். ஆனால் அது கையில் உடனே வரும் காசு. திடல் வாடகை, நடுவர் படி, ஆம்புலன்ஸ், விளக்கு என்று அன்றைய செலவை அன்றே கொடுக்க உதவும் காசு. நூறு பேர் வராமல் போனால் பெரிய குழுவுக்கு அது கணக்கிலேயே தெரியாது, சிறிய குழுவுக்கு அதுவே ஆம்புலன்ஸ் கட்டணம். வாசலில் கச்சாங் பூத்தே விற்பவரையும் நினைக்க வேண்டும். அந்தத் தொழிலைத் திடல்களிலும் திரையரங்குகளிலும் காலங்காலமாகச் செய்து வந்தவர்கள் நம்மவர்கள். நேரலை பார்ப்பவன் அவரிடம் ஒரு பொட்டலமும் வாங்கமாட்டான்.

ஆனாலும் வராத அந்த நூறு பேர் உண்மையில் நேரலையால்தான் வரவில்லையா? ஆயர் ஈத்தாமிலிருந்து நகர அரங்கத்துக்குச் சில கிலோமீட்டர்தான், ஒரே நேர்ச்சாலை. 9 மணி ஆட்டம் முடிய 11 ஆகும். கடைசிப் பேருந்தை நினைத்து 80ஆவது நிமிடத்தில் எழுந்து ஓடியவன் நான். வெற்றிக் கோலின் ஆரவாரத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிள் இருந்தால் மழை. காரில் வந்தால் நிறுத்த இடமில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்யாமல் நேரலையைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஃபார்லிம் அடுக்குமாடியில் இருக்கும் என் மாமா ஒருவர், 1974இன் கிண்ணத்தை நினைவில் வைத்திருப்பவர், முழங்கால் வலியால் திடல் படி ஏற முடியாதவர். ஒவ்வோர் ஆட்டத்தையும் கைப்பேசியில் பார்த்துவிட்டு எனக்குக் குரல்பதிவு அனுப்புவார். தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது. ஒருநாள் கேட்டேன்: "மாமா, இதுக்குக் காசு கேட்டா கொடுப்பீங்களா?" "பத்து வெள்ளி கொடுப்பேன்டா, அதுக்கென்ன? ஆனா யார்கிட்ட கொடுக்குறது?" என்றார்.

ஆளிருக்கிறார், காசிருக்கிறது, வாங்கிக்கொள்ளக் கை இல்லை. கீழ்நிலை ஆட்டங்கள் பலவும் இன்று பேஸ்புக்கிலும் யூடியூபிலும் இலவசமாக ஓடுகின்றன. யாரோ ஒரு கருவியை நடுக்கோட்டுக்கு நேரே வைத்துவிடுகிறார்கள். மழைத்துளி கண்ணாடியில் ஒட்டினால் அதைத் துடைக்கக்கூட ஆளில்லை. நேரம் தெரியாது, கோல் கணக்குத் தெரியாது, ஆட்டக்காரர் பெயர் தெரியாது. இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பது மட்டுமல்ல, இப்படிக் காட்டினால் இருக்கிற மதிப்பும் போகும். பிரீமியர் லீக்கைத் திருட்டுத்தனமாகக் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்கு எதிராக 2022 மார்ச் 18 முதல் நம் நாட்டில் கடும் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், 20 ஆண்டு வரை சிறை. பெரியவன் சொத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. சிறியவன் தன் சொத்தைத் தானே தெருவில் வைத்துவிட்டுப் போகிறான்.

"ஃபிஃபாவே காட்டுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் ஃபிஃபா+ எனும் இலவசச் சேவை தொடங்கியபோது ஆண்டுக்கு 40,000 ஆட்டங்களைக் காட்டப்போவதாக அறிவித்தார்கள். நாற்பதாயிரத்தில் ஒன்றாக இருப்பது கடலில் கரைத்த பெருங்காயம். திரையில் இருப்பதும் கண்ணில் படுவதும் வேறு வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நிலை லீக் ஆட்டம் ஒன்றை வேறு நாட்டில் நள்ளிரவில் உட்கார்ந்து பார்ப்பவன் யார்? எல்லாரும் ஊர்ப்பாசத்தால் பார்ப்பவர்கள் என்று நம்ப நான் தயாரில்லை. சூதாட்ட நிறுவனங்களுக்குச் சிறிய ஆட்டங்களின் நேரலை ஒரு பண்டம். 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண ஆட்டங்கள் சூதாட்ட இணையத்தளங்கள் வழியே காட்டப்பட்டது தெரியவந்து பெரும் கண்டனம் எழுந்தது. சம்பளம் மூன்று மாதம் பாக்கியிருக்கும் ஓர் ஆட்டக்காரனின் ஆட்டத்தின் மேல் எங்கிருந்தோ ஒருவன் பணம் கட்டுகிறான் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று 1994ஐப் பார்த்த நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரலையின் தீமை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், காலிப் படிக்கட்டைக் காட்டமாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

சரி, வேறெப்படிச் செய்வது? வேல்ஸ் நாட்டின் ரெக்சம் குழுவைப் பாருங்கள். இங்கிலாந்து லீக் அமைப்பின் ஐந்தாம் நிலையில் இருந்தபோது, 2022 ஆகஸ்டில், தங்கள் ஆட்டங்களை நேரலையாக விற்க லீக் விடவில்லை என்று அதன் உரிமையாளரான நடிகர் ரையன் ரெனால்ட்ஸ் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த லீக் சொந்தமாக ஒரு கட்டண நேரலைச் சேவையைத் தொடங்கியது. நடிகரின் பணமும் ஆவணத்தொடரும் நமக்கு வராது, அது வேறு கதை. ஆனால் ரெக்சத்தைக் காண அமெரிக்காவில் இருப்பவன் காசு கட்டுவதால் ரெக்சத்தில் இருப்பவன் திடலுக்குப் போகாமல் இருப்பதில்லை. தொலைவில் இருப்பவனுக்கும் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரே விதி வைப்பதுதான் நாம் செய்யும் கோளாறு.

என் கருத்தில், சிறிய குழு தன் வெளியூர் ஆட்டங்களை ஊர்மக்களுக்கு இலவசமாகவே காட்டலாம். அதனால் அதன் வாசலில் ஒரு சீட்டும் குறையாது, அடுத்த வாரச் சொந்தத் திடல் ஆட்டத்துக்கு அதுவே விளம்பரம். சொந்தத் திடல் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டின் விலையையே நேரலைக்கும் வைக்க வேண்டும். மாமாவைப் போன்றோர் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் பினாங்குக்காரர்கள் கொடுப்பார்கள். முழுப் பதிவை மறுநாள் மதியம் இலவசமாகப் போடட்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழு ஊரிலுள்ள நகைக்கடையிடமும் உணவகத்திடமும் விளம்பரம் கேட்கலாம். இதற்கெல்லாம் உரிமை குழுவின் கையில் இருக்க வேண்டும். கீழ்நிலை லீக்குகளிலாவது நேரலை உரிமையை நடத்தும் அமைப்பு குழுக்களுக்கே விட்டுக்கொடுக்கட்டும். அதைப் பெரிய விலைக்கு வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லையே!

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நம் கழகத்திலேயே ஒளிப்படக் கருவி பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கலைவிழாவை மூன்று கருவிகள் வைத்துப் பதிவு செய்தவர்கள். வாய்க்கும் பஞ்சமில்லை, நம் சொற்போர் அணியை 90 நிமிடம் பேச வேண்டாம் என்று தடுப்பதுதான் கடினம். பினாங்கு மாநில லீக்கில் ஆடும் ஏதாவது ஒரு குழுவிடம் போய், ஒரு பருவத்துக்கு உங்கள் ஆட்டங்களைத் தமிழ் வர்ணனையோடு நாங்கள் எடுத்துத் தருகிறோம், கட்டணம் உங்களுக்கு, பயிற்சி எங்களுக்கு என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கப்போகும் குழுவில் நானும் வருகிறேன். முதல் பத்து வெள்ளிக்கு மாமாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.